சூறையும் சூறையாடலும்: பேரிடர்ச் செய்திகளில் ஒரு வினைச்சொல்

2005-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் வாரம். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைக் கத்ரீனா புயல் தாக்கிச் சில நாள்களே ஆகியிருந்தன. வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்து, நகரில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீருக்குள் கிடந்தது. அலுவலகத்தில் என்னோடு பணியாற்றிய இளைஞர் ஒருவர் இரண்டு புகைப்படங்களை அச்செடுத்துக் கொண்டுவந்து, "சார், இதைக் கொஞ்சம் பாருங்க, ஆறு வித்தியாசம் சொல்லுங்க" என்று என் மேசைமேல் வைத்தார்.

இரண்டிலும் மார்பளவு தண்ணீர். ஒன்றில் கறுப்பின இளைஞன் ஒருவன், குளிர்பானப் பெட்டியை அணைத்துக்கொண்டு, ஒரு பையை இழுத்துக்கொண்டு நடக்கிறான். மற்றொன்றில் வெள்ளையராகத் தோன்றும் ஓர் ஆணும் பெண்ணும், கையில் ரொட்டியோடு அதே மாதிரி நடக்கிறார்கள். முதல் படத்தை வெளியிட்ட அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம், இளைஞன் மளிகைக் கடையைக் கொள்ளையடித்துவிட்டு வருவதாகக் கீழே எழுதியிருந்தது. இரண்டாவது படம் ஏ.எஃப்.பி. நிறுவனத்தின் வழியாக வந்தது. அதன் கீழே, அந்த இருவரும் மளிகைக் கடையிலிருந்து ரொட்டியும் பானமும் கண்டெடுத்து வருவதாக இருந்தது. தண்ணீர் ஒன்று, பசி ஒன்று, ரொட்டி ஒன்று. வினைச்சொல் மட்டும் இரண்டு.

நாங்கள் சிரித்தோம். "வெள்ளைக்காரன் புத்தி போகுமா?" என்று நானே சொன்னதாக நினைவு. அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இக்கட்டுரை.

முதலில் அந்த நிறுவனங்களின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு படங்களும் இரண்டு வெவ்வேறு ஆள்கள் எடுத்தவை. ஒரே ஆசிரியர் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிய வாசகங்கள் அல்ல. இளைஞன் கடைக்குள் போய்ப் பொருளோடு வெளியே வந்ததைத் தம் புகைப்படக்காரர் கண்ணால் பார்த்தார் என்று அசோசியேட்டட் பிரஸ் கூறியது. தாம் பார்த்தபோது கடைப்பொருள்கள் தண்ணீரில் மிதந்து வெளியே வந்துகொண்டிருந்தன, அதைத்தான் அவர்கள் எடுத்தார்கள் என்று மற்றவர் கூறினார். இருவரும் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. எனக்கு அதுவே பெரிய கவலை. பொய்யாக இருந்தால் திருத்தம் போட்டு முடித்துவிடலாம். நல்லெண்ணத்தோடு, கண்ணால் பார்த்ததை எழுதும்போதே ஒருவனுக்கு ஒரு சொல்லும் இன்னொருவனுக்கு இன்னொரு சொல்லும் கைக்கு வருகிறதென்றால், அது எங்கிருந்து வருகிறது?

நம் மொழியில் இதற்கு ஒரு தடயம் உண்டு. கொள்ளையடித்தலைச் 'சூறையாடல்' என்கிறோம். சூறை என்றால் சுழற்காற்று. சூறாவளி என்பதும் அதிலிருந்து வந்ததே. புயலுக்கும் கொள்ளைக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. பள்ளியில் ஐந்திணைக் கருப்பொருள் அட்டவணையை மனப்பாடம் செய்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். நெய்தலுக்குத் தொழில் மீன் பிடித்தல், உப்பு விளைத்தல். பாலைக்குத் தொழில் சூறையாடல். மக்கள் எயினர், மறவர். அதாவது அந்த வினைச்சொல் தனியாக வருவதில்லை, ஒரு கூட்டத்தாரையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வருகிறது. இலக்கண நூலார் அதைக் கவிதைக்கான மரபாகச் சொன்னார்கள், அதில் குற்றமில்லை. வெள்ளையர் ஆட்சி 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து, 1911-இல் அதைச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டியபோது, அட்டவணை காவல்நிலையப் பதிவேடாக மாறிற்று. பிறந்தாலே கொள்ளைக்காரன். நியூ ஆர்லியன்ஸ் படத்துக்குக் கீழே இருந்ததும் அப்படிப்பட்ட அட்டவணைதான். நிறம் பார்த்துத் தொழில் எழுதப்பட்டது.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆகஸ்டு 31-ஆம் தேதி, கூரைகளின் மேல் மக்கள் இன்னும் காத்திருக்கையில், நகர மேயர் சுமார் 1,500 காவலர்களை மீட்புப் பணியிலிருந்து விலக்கிக் கொள்ளையைத் தடுக்க அனுப்பினார். சூப்பர்டோம் விளையாட்டு அரங்கில் ஆயிரக்கணக்கானோர் தஞ்சம் புகுந்திருந்தார்கள். அங்கே கொலையும் வன்புணர்ச்சியும் கட்டுக்கடங்காமல் நடப்பதாகவும், நூற்றுக்கணக்கில் பிணங்கள் கிடப்பதாகவும் தொலைக்காட்சிகள் சொல்லின. அந்த ஊர்ப் பத்திரிகையான டைம்ஸ்-பிக்காயூன் செப்டம்பர் 26 அன்று எண்ணிச் சொன்ன கணக்கு வேறு: அரங்கில் கிடைத்த உடல்கள் ஆறு. அவற்றில் நான்கு இயற்கைச் சாவு, ஒன்று போதைப்பொருளால், ஒன்று தற்கொலை. கொலை ஒன்றுகூட இல்லை. ஆனால் அதற்குள் செப்டம்பர் 4-ஆம் தேதி வந்து போய்விட்டது. அன்று டான்சிகர் பாலத்தில், கையில் ஆயுதம் எதுவும் இல்லாத கறுப்பினத்தார்மேல் காவலர்கள் சுட்டார்கள். இருவர் இறந்தனர், ஒருவர் 17 வயதுப் பையன், இன்னொருவர் மனவளர்ச்சி குன்றிய 40 வயதுக்காரர். நால்வர் படுகாயம் அடைந்தனர். காவலர்கள் அதை மூடி மறைத்தார்கள். 2011-இல் தண்டனை, 2013-இல் அது ரத்து, 2016-இல்தான் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். கொள்ளைக்காரர் நிறைந்த ஊர் என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டே இருந்த காதுகள் அந்தத் துப்பாக்கிகளுக்குப் பின்னால் இருந்தன.

அதே வாரங்களில் 'அகதி' என்ற சொல்லும் சண்டைக்கு வந்தது. சொந்த நாட்டில் வீடிழந்த குடிமக்களை அகதிகள் என்று எழுதலாமா என்று ஜெஸ்ஸி ஜாக்சன் போன்ற கறுப்பினத் தலைவர்கள் கேட்டார்கள். சில பத்திரிகைகள் அந்தச் சொல்லை விட்டன, சில விடவில்லை. கதியற்றவர் என்பதே அகதிக்குப் பொருள். அமெரிக்கர்களுக்கு அது தம்மைத் தம் நாட்டிலிருந்து கழித்துவிடும் சொல்லாகப் பட்டது. 1983 முதல் மண்டபத்தில் வந்திறங்கியவர்களை நாம் அந்தச் சொல்லாலேயே அழைத்தோம். அது அவர்கள் காதில் எப்படி விழுகிறதென்று கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இதையெல்லாம் நான் அந்த அக்டோபரில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசினேன். படங்களைக் காட்டினேன். கைதட்டல் கிடைத்தது. கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மையார் அருகில் வந்தார். நாகப்பட்டினத்துக்காரர், கணவருடைய ரயில்வே வேலையால் சிக்கந்தராபாத்துக்கு வந்தவர். கையில் அந்த வருடச் சித்திரை மலர். சுனாமி நிவாரணத்துக்காக நாம் அரிசியும் துணியும் போர்வையும் அனுப்பிய செய்தி வந்த பக்கத்தைப் பிரித்துக் காட்டினார்.

"அண்ணே, இதுல யாருண்ணே முண்டியடிக்கிறாங்க?"

படத்தின் கீழே, 'நிவாரணப் பொருள்களைப் பெற முண்டியடிக்கும் மக்கள்' என்று இருந்தது. எழுதியவன் நான்தான். நான் லாரியோடு போகவில்லை. போனவர்கள் எடுத்துவந்த படத்தைப் பார்த்து, இங்கே என் வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். அவர் கேட்ட பிறகுதான் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். ஒரு கயிறு கட்டியிருக்கிறது. கயிற்றுக்குப் பின்னால் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள். ஒருத்தி கையில் துண்டுச்சீட்டு, இன்னொருத்தி இடுப்பில் குழந்தை. கூட்டமாக இருக்கிறார்கள், அவ்வளவுதான். யாரும் யாரையும் தள்ளவில்லை. முண்டியடித்ததை நான் படத்தில் பார்க்கவில்லை, மனசில் பார்த்திருக்கிறேன்.

"தப்புதாம்மா" என்றேன். "பரவால்லண்ணே, கேக்கணும்னு தோணுச்சு" என்று சொல்லிவிட்டு மலரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் வைத்திருந்த சுனாமிக்காலப் பத்திரிகைகளை எடுத்து மறுபடி படித்தேன். 2004 டிசம்பர் 26 அன்று தமிழகத்தில் மட்டும் சுமார் 8,000 பேர் மாண்டனர். அதில் 6,000-க்கும் மேல் நாகை மாவட்டத்தில். உயிரைப் பணயம் வைத்து எழுதிய நிருபர்கள் உண்டு, அழுதுகொண்டே எழுதியவர்கள் உண்டு. அவர்களைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் பென்சிலும் கையுமாக வினைச்சொற்களை அடிக்கோடிட்டுக்கொண்டே போனால் ஒரு விஷயம் பிடிபடும்.

கரைக்கு வந்த உடல்களை எடுத்தது யார்? பக்கம் பக்கமாகப் படித்தாலும், 'உடல்கள் அகற்றப்பட்டன', 'புதைக்கப்பட்டன' என்றுதான் இருக்கிறது. எல்லாம் செயப்பாட்டு வினை. எழுவாய் எங்கே? மதுரை உள்படப் பல ஊர்களிலிருந்து துப்புரவுப் பணியாளர்கள் நாகைக்கும் வேளாங்கண்ணிக்கும் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலும் தலித்துகள். நாள்பட்ட உடல்களைச் சேற்றிலிருந்தும் முள்காட்டிலிருந்தும் எடுத்துப் புதைத்தவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றித் தனியாக எழுதிய கட்டுரைகளும் சில உண்டு. அன்றாடச் செய்தி வாக்கியத்தில்தான் அவர்களுக்கு இடமில்லை. முண்டியடிக்கும்போது மட்டும் தமிழ் வாக்கியத்துக்கு எழுவாய் கிடைத்துவிடுகிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும் இதே கதை. வெளியூர்களிலிருந்து வந்து இறங்கிய பணியாளர்கள் மலைமலையாகக் குப்பையை அள்ளினார்கள். செய்தியில் குப்பை 'அகற்றப்பட்டது'.

பழைய துணி விவகாரம் வேறு ஒன்று. நாடெங்கிலுமிருந்து வந்த பழந்துணிகள் நாகைச் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. மீனவர்கள் அவற்றைத் தொடவில்லை. அதைத் தன்மானம் என்று சிலர் எழுதினார்கள், 'அலட்சியம்' என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். ஆக, வாங்கினால் முண்டியடித்தவர்கள், வாங்காவிட்டால் அலட்சியக்காரர்கள். (நாம் அனுப்பிய மூட்டைகளிலும் கிழிசல் இருந்ததென்று லாரியோடு போன நண்பர் என்னிடம் ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னார்.)

யார் பாதிக்கப்பட்டவர் என்பதிலேயே ஓர் அட்டவணை இருந்தது. இழப்பு என்றால் படகு, வலை, கட்டுமரம் என்று முதல் வாரங்களில் கணக்கெடுத்தார்கள். படகில்லாத தலித் கூலிகள், உப்பேறிய வயலில் வேலை பார்த்தவர்கள், கழிமுகத்தில் கையாலேயே இறால் பிடிக்கும் இருளர்கள் ஆகியோரின் இழப்பு எந்தக் கட்டத்தில் எழுதப்படும்? முகாம்களிலும் தண்ணீரிலும் அவர்கள் ஒதுக்கப்பட்டதாக 2005 ஜனவரியிலேயே வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் எழுதின. அந்த ஆண்டில் வந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கையும் நிவாரணத்தில் நடந்த சாதிப் பாகுபாட்டைச் சொன்னது. இந்த ஊரில் என் கைக்குக் கிடைத்த தமிழ்ப் பத்திரிகைகளில் அது உள்பக்கத்துச் சிறு செய்தி. அமெரிக்காவில் நிறம் செய்யும் வேலையை இங்கே சாதி செய்கிறது. சாதி புகைப்படத்தில் தெரியாது, ஆகவே நம்மிடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டு படங்கள் இல்லை, நாம் தப்பித்துக்கொள்கிறோம்.

நிறமே வேலை செய்த இடமும் நம் நாட்டிலேயே உண்டு. சுனாமிக்குப் பிறகு வடக்குச் சென்டினல் தீவில் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்கக் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் போனது. கரையில் ஓர் ஆள் வில்லை வளைத்து அம்பைக் குறிவைத்தான். அந்தப் படம் உலகம் சுற்றிற்று. கற்கால மனிதன் பிழைத்தான், அவனுக்கு ஆறாம் அறிவு, விலங்குபோல் முன்கூட்டியே உணர்ந்தான் என்றெல்லாம் எழுதினார்கள். தன் கரைக்கு மேலே இரைச்சலோடு ஓர் இயந்திரம் வந்து நின்றால் வீட்டுக்காரன் என்ன செய்வான் என்று கேட்டவர் குறைவு. அதே கடலில் கார் நிகோபார், கச்சால் தீவுகளில் நிகோபாரிகள் ஊர் ஊராக அழிந்திருந்தார்கள். அவர்கள் பள்ளியில் படித்தவர்கள், தேவாலயத்துக்குப் போகிறவர்கள், தங்களுக்கென்று பழங்குடி மன்றம் வைத்திருப்பவர்கள். செய்திக்கு வேண்டிய பழங்குடி இலட்சணம் அவர்களிடம் இல்லை. அம்பு உலகச் செய்தியாயிற்று. அவர்களுடைய சாவு எண்ணிக்கையாக நின்றது.

தாய்லாந்தில் இன்னும் வெளிப்படை. அங்கே இறந்தவர் 5,000-க்கும் மேல், அவர்களில் பாதியளவு வெளிநாட்டுப் பயணிகள். மேற்கத்தியச் செய்திகளில் பயணிகளுக்குப் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, தேடி அலையும் தம்பி இருந்தான். தாய்லாந்து மீனவருக்கு எண் இருந்தது. பின்னாளில் 2012-இல் 'தி இம்பாசிபிள்' என்று ஒரு படம் எடுத்தார்கள். உண்மையில் தப்பித்தது ஸ்பெயின் நாட்டுக் குடும்பம். திரையில் அவர்களையும் ஆங்கிலம் பேசும், பொன்னிற முடி கொண்ட குடும்பமாக மாற்றிவிட்டார்கள். ஸ்பெயின்காரரே போதிய வெள்ளையராகப் படவில்லை போலும்!

இனி நம் ஊருக்கு வருகிறேன். ஹைதராபாத்துக்கு வெள்ளம் புதிதல்ல. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு புகுந்து ஆயிரக்கணக்கானோரை அடித்துச் சென்றது. அப்ஸல்கஞ்ச் பக்கம், உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் இருக்கும் புளியமரத்தில் ஏறி 150 பேர் பிழைத்ததாகச் சொல்வார்கள். தாய், மனைவி, மகள் மூவரையும் அந்த வெள்ளத்தில் பறிகொடுத்துத் தான் மட்டும் பிழைத்தவர் உருதுக் கவிஞர் அம்ஜத் ஹைதராபாதி. அவர் அதைத் தானே எழுதினார். தன் துயரத்துக்கான வினைச்சொல்லைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது.

2020 அக்டோபர் 13 இரவு பெய்த மழையை நம்மில் யாரும் மறக்க மாட்டோம். கட்கேசர் பக்கம் ஒரே நாளில் 30 செ.மீ.க்கு மேல் கொட்டியது. பழைய நகரத்தில் ஃபலக்நுமா அருகே அல் ஜுபைல் காலனி, ஹாபீஸ் பாபா நகர். இந்தப் பக்கம் நாகோல், டோலிசௌக்கி. நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவும் மாடியில் இரண்டு நாள் இருந்தன. தொலைக்காட்சி அவர்களைச் 'சிக்கித் தவிப்போர்' என்றது. நியாயமான சொல். படகு வந்தது, பால் வந்தது. அரசு வீட்டுக்குப் 10,000 ரூபாய் அறிவித்தது. நவம்பரில் மீ-சேவா மையங்களின் முன்னால் விடியற்காலையிலிருந்து பெண்கள் நின்றார்கள். மாநகராட்சித் தேர்தல் வந்ததால் 18-ஆம் தேதி அது நிறுத்தப்பட்டது. அந்த நாள்களில் தெலுங்குச் சேனல்களில் திரும்பத் திரும்ப ஓடிய சொல் 'எகபட்ட ஜனம்'. நம் 'முண்டியடித்த மக்கள்'தான் அது. மொழி மட்டும் வேறு. எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் மூன்று நாள் அந்த வரிசையில் நின்றவர். இங்கே வந்து டி.வி.யைப் பார்த்துவிட்டு, "நாங்க எங்க சார் எகபட்டோம்? காலு மரத்துப்போயி நின்னோம்" என்றார். அவருக்குப் பணம் வரவில்லை. அவர் நின்ற வரிசையின் படத்தில் பாதிப்பேர் பர்தா அணிந்தவர்கள். தேர்தல் மேடைகளில் அதே பழைய நகரத்து மக்களைப் பார்த்து 'இங்கே ரோஹிங்கியா எத்தனை, பாகிஸ்தானி எத்தனை' என்று கேட்டார்கள். வெள்ளம் வடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பிழைத்தவர்கள் அதற்குள் சந்தேகத்துக்கு உரியவர்களாகிவிட்டார்கள்.

அந்த அக்டோபரில் நம் இளைஞர்களும் அல் ஜுபைல் காலனிக்கு அரிசி, எண்ணெய், போர்வை எடுத்துப் போனார்கள். மலருக்கு எழுதக் கேட்டு அந்தப் படங்களை எனக்கு அனுப்பியிருந்தார்கள். ஒன்றில் ஒரு முதியவர், சேறு படிந்த சுவரோரம், போர்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு காமிராவைப் பார்க்கிறார். படம் எடுத்த தம்பிக்குப் போன் செய்தேன்.

"அவர் பேர் என்னப்பா?"

"கேக்கல சார். பொருள் குடுக்குற அவசரத்துல…"

"வீடு தெரியுமா?"

"தெரு ஞாபகம் இருக்கு சார். போய்க் கேட்டு வரட்டுமா?"

போய்வரச் சொன்னேன். வீடு பூட்டியிருந்தது. மருமகள் வீட்டுக்குப் போயிருப்பதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னாராம், எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. மலர் அச்சுக்குப் போகும் நாள் வந்துவிட்டது. படத்தின் கீழே 'அல் ஜுபைல் காலனி, அக்டோபர் 2020' என்று மட்டும் போட்டோம். அச்சகத்தில் பக்கம் அமைப்பவர், "சார், ஒரு வரி இன்னும் இடம் இருக்கு, ஏதாவது எழுதித் தாங்க" என்று கேட்டார். அப்படியே விட்டுவிடச் சொன்னேன்.